தேவதாஸின் இடது கை

மூக்குக்கண்ணாடி மூக்கின் நுனியில் நிற்க, கைப்பேசியின் விளக்கைக் குப்பியின் முதுகில் அடித்து, தேவதாஸ் படித்துக்கொண்டிருக்கிறார். ஓமானின் சோஹாரில் கொசு விரட்டிகளை அடுக்கி வைத்திருக்கும் எந்தப் பெரிய கடைக்குப் போனாலும், வியாழக்கிழமை மாலையில் அந்தத் தட்டுக்கு முன்னால் அவரைப் பார்க்கலாம். குப்பியின் முன்பக்கத்தை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. முன்பக்கத்தில் ஒரு மலை இருக்கும், ஒரு கூடாரம் இருக்கும், கொசு என்றால் என்னவென்றே தெரியாத ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் சிரித்துக்கொண்டிருக்கும். “முன்னால கெடக்கது கதை. பின்னால கெடக்கதுதான் சரக்கு” என்பார்.

அந்தத் தட்டைக் கவனிக்கும் ஹஸ்னைன் லாகூர்க்காரர், பொறுமைசாலி. ஆனாலும் அவருக்கும் ஓர் எல்லை உண்டு. “பாய், கரீத்னா ஹை யா இம்திஹான் தேனா ஹை?” என்று கேட்பார். வாங்கப் போகிறீரா, இல்லை பரீட்சை எழுதப் போகிறீரா என்று அர்த்தம்.

“ஜல்தி மாஃபி, பாய்” என்பார் தேவதாஸ். பாதி இந்தி, பாதி அரபி. அவசரமில்லை என்பது இருவருக்கும் புரிந்துவிடும். ஹஸ்னைன் ஷாம்பு தட்டுப் பக்கம் போய்விடுவார்.

துறைமுகத்தை ஒட்டிய தொழிற்சாலை ஒன்றில் தேவதாஸ் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். குழாய்களில் மாட்டியிருக்கும் அழுத்த மீட்டர்களைக் கழற்றி, நம்பகமான ஒரு மீட்டருக்குப் பக்கத்தில் வைத்து, எது உண்மை பேசுகிறது, எது புளுகுகிறது என்று கண்டுபிடிப்பது அவர் தொழில். அந்த நம்பகமான மீட்டருக்கு ‘ஸ்டாண்டர்ட்’ என்று பெயர். சொந்த ஊர் குளச்சல் பக்கம். பாதி ஆயுளை மீட்டர்களோடு கழித்துவிட்டதால் மனிதர்களையும் அப்படித்தான் எடை போடுவார். பீற்றிக்கொள்கிறவரைக் கண்டால், “ஆளு கொஞ்சம் ஓவர் ரீடிங்” என்பார். வாயே திறக்காதவரைக் கண்டால், “லைன்ல எங்கயோ அடைப்பு” என்பார்.

பாலைவனத்தில் ஏது கொசு என்று ஊரில் இருப்பவர்கள் கேட்பார்கள். அவர்கள் கணக்கில் இங்கே ஒட்டகமும் எண்ணெயும்தான். சோஹாரைச் சுற்றிப் பேரீச்சந்தோட்டங்களும் எலுமிச்சைத் தோட்டங்களும் அவற்றுக்குத் தண்ணீர்த் தொட்டிகளும் இருப்பதும், ஒவ்வொரு ஏசி பெட்டிக்குக் கீழேயும் ஒரு சிறிய குளம் தேங்கி நிற்பதும் அவர்களுக்குத் தெரியாது. போதாக்குறைக்கு நம் ஆட்களுக்கு ஒரு நாள் விடுமுறை கிடைத்தால் போதும், தண்ணீர் இருக்கும் இடமாகப் பார்த்து வண்டியைத் திருப்புவார்கள். மழைக்காலத்துக்குச் சலாலா, குளிர் தொடங்கினால் மலைக்குள் நீர் ஓடும் வாதிகள், லீவுக்கு ஊர். கிளம்புவதற்கு முன்பு ‘சோஹார் தமிழ்க் குடும்பங்கள்’ என்ற வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி விழும்: அண்ணே, எந்தக் கிரீம்?

தேவதாஸ் இதற்கு எழுத்தில் பதில் போடுவதில்லை. நேராக அழைப்பார். “தண்ணி ஓடுகா, நிக்குகா? கைக்குழந்தை உண்டா? நடக்கியளா, உக்காந்து திங்கியளா?” என்று மூன்று கேள்வி. அப்புறம் பிரசங்கம். டீட் என்ற மருந்தில் சதவீதம் கூடினால் அடி கூடும் என்று நினைக்காதே, நேரம்தான் கூடும். முதலில் வெயில் கிரீம், அது காய்ந்த பிறகுதான் கொசுக் கிரீம். உடுப்புக்கு அடியில் தேய்க்காதே. குழந்தையின் உள்ளங்கையில் தடவாதே, அது நேராக வாய்க்குப் போகும். டீட் பட்டால் பிளாஸ்டிக் உருகும், கைக்கடிகாரத்தைக் கழற்றி வை. வெட்டவெளியில் கொசுவத்தி கொளுத்துகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், “காத்துக்குத் தூபம் காட்டுகான்” என்று சிரிப்பார். கேட்கிறவர் பாதியில் போனை மேசைமேல் வைத்துவிட்டுப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்.

நியாயமாகச் சொன்னால், இதில் எதுவும் தப்பில்லை. குப்பிகளின் முதுகில் இருந்தவரை அவர் அறிவு சுத்தமானது. கோளாறு அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. ஏனென்றால் கடைசித் தீர்ப்பைச் சொல்வது குப்பி அல்ல, அவருடைய இடது கை.

வெள்ளிக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, வெயில் இறங்கும் நேரத்தில் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள பேரீச்சந்தோட்டத்துத் தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போடுவார். தோட்டத்துக்காரர் ஓமானியர், நல்ல மனிதர். இவர்கள் ஏதோ வேண்டுதலுக்காக வந்து உட்காருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு நாற்காலியில் தேவதாஸ், இடது கையில் கிரீம் பூசி. மற்றதில் அவர் மனைவி புஷ்பமேரி, ஒன்றும் பூசாமல்.

“டெஸ்ட்டுன்னா ஒரு ஸ்டாண்டர்ட் வேணும், கேட்டியா” என்பார் தேவதாஸ். கிரீம் போட்ட கை இது, போடாத கை அது. புஷ்பமேரிதான் ஸ்டாண்டர்ட். உங்கள் வலது கையையே வெறுமனே விடலாமே என்று ஒருமுறை அவர் கேட்டதற்கு, “ரெண்டும் எனக்க கை. ஒரே ரத்தம். கொசு கொழம்பிரும்” என்று பதில் வந்தது. புஷ்பமேரி தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். வாரம் முழுக்க அடுத்தவர் கையில் ஊசி குத்துகிறவர், வெள்ளிக்கிழமை மாலையில் தன் கையைக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்துவிட்டுப் போவார்.

இருட்டத் தொடங்கும்போது தேவதாஸ் இரண்டு கைகளையும் கைப்பேசி வெளிச்சத்தில் பரிசோதிப்பார். புஷ்பமேரியின் கையில் தடிப்புத் தடிப்பாக இருக்கும். தேவதாஸின் கையோ, கழுவித் துடைத்த பீங்கான் தட்டுப்போல இருக்கும். “ஏ ஒண்ணு!” என்பார். இதுவரை அவர் சோதித்த எல்லாக் கிரீமும் ஏ ஒண்ணு. எலுமிச்சைப்புல் எண்ணெய், குழந்தைகளுக்கான குச்சி, காட்டுக்குப் போகிற பட்டாளத்துக்காரர்கள் பூசுவது என்று வந்ததெல்லாம் ஏ ஒண்ணு. ஒன்றுகூடத் தோற்கவில்லையே என்று யாரும் கேட்டதில்லை. வாங்கி வைத்திருப்பது நல்ல சரக்கு என்று சொல்கிறவரை யார் குறுக்கு விசாரணை செய்வார்கள்?

ஒருவர் செய்தார். கப்பல் முகவர் அலுவலகத்தில் கணக்காளராக இருக்கும் ஆனந்தராசா, யாழ்ப்பாணத்துக்காரர். போன வருட வாதிச் சுற்றுலாவுக்குக் கொசு விரட்டும் கைப்பட்டைகளைத் தேர்ந்தெடுத்தவர் தேவதாஸ். மணிக்கட்டில் மாட்டினால் போதும், வாசனைக்கே கொசு ஓடும் என்றார். அவர் இடது கை அப்படித்தான் சொன்னது. ஆனந்தராசாவுக்கு மணிக்கட்டைச் சுற்றி இரண்டு விரல்கடை அகலத்துக்குக் கடி இல்லை. மிச்ச உடம்பு முழுக்க இருந்தது.

இந்த வருடச் சுற்றுலாவுக்கான கூட்டம் அபிலாஷின் வீட்டில் நடந்தது. அபிலாஷ் குழுவின் செயலாளர். ஒரு கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். வீட்டில் மின்விசிறி மாட்டும்போதுகூட தலைக்கவசம் போட்டுக்கொள்கிறவர். தேவதாஸ் எழுந்து, இந்த முறை ஒரு மூலிகைக் கிரீம் பார்த்து வைத்திருப்பதாகவும், இரண்டு வெள்ளிக்கிழமை சோதித்துவிட்டதாகவும் சொன்னார்.

“அண்ணை, குறை நினைக்காதையுங்கோ” என்றார் ஆனந்தராசா. “போன முறை உங்கட கையை நம்பித்தான் நான் நுளம்புக்குச் சாப்பாடாப் போனனான்.”

“நீரு பட்டையைத் தளர்த்திக் கெட்டியிருப்பீரு, வேய்.”

“பட்டை இறுக்கித்தான் கிடந்தது. எல்லாருக்கும் முன்னால ஒருக்காச் செய்து காட்டுங்கோ. சரி வந்தால் நானே வாங்கித் தாறன். சரி வராட்டி இந்தப் பொறுப்பை வேற ஆளிட்டக் குடுப்பம்.”

தேவதாஸின் முகம் சிவந்தது. தொழிற்சாலையில் அவருக்கு மேலே ஏழெட்டு அதிகாரிகள் இருக்கிறார்கள், வீட்டில் புஷ்பமேரி இருக்கிறார். இந்த உலகத்தில் அவர் சொன்னதை மற்றவர்கள் கேட்டு நடக்கும் ஒரே விஷயம் கொசு. அதையும் பிடுங்குவதா? “வெள்ளிக்கிழமை தோட்டத்துக்கு வாரும்” என்றார்.

அந்த வாரம் பார்த்து அவருக்குக் கண்ணாடி இல்லாமல் போயிற்று. காரமான டீட் ஒன்றைச் சோதித்துவிட்டு, அதே கையோடு கண்ணாடியைக் கழற்றியிருக்கிறார். பிளாஸ்டிக் சட்டம் வெளுத்துப் பிசுபிசுவென்று ஆகி, ஒரு கால் கழன்று வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் சொன்ன எச்சரிக்கை அவருடைய வீட்டுக்குள் மட்டும் வந்து சேரவில்லை. புதுச் சட்டத்துக்குக் கடையில் கொடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை குளியலறைத் தட்டில் கையை விட்டுத் துழாவி, வெள்ளைக் குழாய் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

தொட்டிக்கரையில் ஆனந்தராசா, அபிலாஷ், இன்னும் நாலைந்து குடும்பஸ்தர்கள். தேவதாஸ் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி, மணமகனுக்கு நலுங்கு வைப்பது போல நிதானமாகப் பூசிக்கொண்டார். புஷ்பமேரி வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். வெயில் இறங்கியது. கொசுக்கள் வந்தன. ஆனந்தராசா தன் பிடரியில் அறைந்துகொண்டார். அபிலாஷ் குதிகாலால் குதிகாலைச் சொறிந்தார். புஷ்பமேரி இரண்டு கைகளையும் மாற்றி மாற்றித் தட்டினார். தேவதாஸ் மட்டும் சிலை வடிக்க உட்கார்ந்த இராஜகுமாரன் போலக் கையை நீட்டி அசையாமல் இருந்தார். ஒரு கொசு சுற்றி வந்தது, யோசித்தது, புஷ்பமேரியிடம் போயிற்று.

“ஏ ஒண்ணு!” என்றார் தேவதாஸ். எழுந்து நின்று, கையை ஒவ்வொருவர் மூக்குக்குக் கீழும் நீட்டிக் காட்டினார். அபிலாஷ் ஒரு பெட்டிக்கே சொல்லிவிடலாம் என்று கைப்பேசியை எடுத்தார். ஆனந்தராசா தோல்வியை ஒப்புக்கொள்ளும் நேர்மையான மனிதர். பெயரைப் பார்த்துக்கொள்வதற்காகக் குழாயைக் கையில் வாங்கினார். பின்பக்கம் திருப்பினார். படித்தார். இன்னொரு முறை படித்தார்.

“அண்ணை, இது பித்தவெடிப்புக்குப் பூசுற களிம்பெல்லோ?”

“என்னது?”

“நீங்கள்தானே சொன்னனியள், பின்பக்கத்தை வாசிக்கச் சொல்லி. குதிகால் வெடிப்புக்கு, இரவில படுக்க முதல் பூசவும் எண்டு கிடக்குது.”

நாளெல்லாம் நின்றே வேலை பார்க்கும் புஷ்பமேரியின் களிம்பு அது. அவர் அதைக் குழாய் வெளியே வந்தபோதே பார்த்துவிட்டார். சொல்லலாம் என்று வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டார். ஏன் மூடினார் என்று அவரிடம்தான் கேட்க வேண்டும்.

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அபிலாஷ் மட்டும் சிரிக்கவில்லை. “அண்ணே, கடிக்கல்லதானே? அப்போ பித்தவெடிப்புக் களிம்பே போதும்லா? கால் வெடிப்பும் ஆறும்” என்றார் மிகுந்த அக்கறையோடு. நம்ப மாட்டீர்கள், அடுத்த வியாழக்கிழமை ஹஸ்னைனின் கடையில் பித்தவெடிப்புக் களிம்புத் தட்டு காலி. ஏனென்று தெரியாமல் ஹஸ்னைன் கூடுதலாகச் சரக்குக்குச் சொல்லிவிட்டார்.

சோதனை நடந்த அன்று இரவு தேவதாஸ் சாப்பாட்டு மேசையில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “அந்தக் களிம்புல ஏதோ மருந்து இருக்கு, பிள்ளே. இல்லன்னா ஒண்ணுகூட எனக்கக் கிட்ட வராதா?”

புஷ்பமேரி தண்ணீர் ஊற்றிக்கொண்டே, எப்போதும்போல மகள் பெயரை வைத்துக் கணவரைக் கூப்பிட்டார். “ஜெஸ்மிக்க அப்பா, உங்க தொழில்ல ஒண்ணு கேக்கேன். ஒரு மீட்டர் இருக்கு. எந்த லைன்ல மாட்டினாலும் சைபர்தான் காட்டும். ஒருநாளும் முள்ளு அசையாது. அத என்ன செய்விய?”

“முள்ளு சிக்கிக் கெடக்கு” என்றார் தேவதாஸ் உடனே. தொழில் என்று வந்துவிட்டால் அவருக்குச் சோகமெல்லாம் மறந்துபோகும். “அந்த மீட்டரு சொல்லுகத வச்சு ஒரு வால்வுகூடத் திறக்கப்பிடாது. கழத்தித் தூரப் போடணும்.”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. மேசைமேல் இருந்த இடது கையைப் பார்த்தார். அப்புறம் தண்ணீர்க் குவளையை வைத்த புஷ்பமேரியின் கையைப் பார்த்தார். அதில் முழங்கை வரைக்கும் இன்றைய தடிப்புகள் சிவந்து, அதற்கு அடியில் போன வாரத்துத் தழும்புகள் கறுத்து, அதற்கும் அடியில் அதற்கு முந்தியவை மங்கிக் கிடந்தன. அத்தனையும் தேவதாஸின் கை வாங்கிய ஏ ஒண்ணுகளுக்கு இந்தக் கை கொடுத்த விலை.

“உங்களக் கொசு கடிக்காது” என்றார் புஷ்பமேரி. “கலியாணம் முடிஞ்ச வாரமே எனக்குத் தெரியும். ஒரே கட்டில்ல கெடந்தா உங்கள விட்டுப்போட்டு எனக்கிட்டதான் வரும்.”

“பின்ன ஏன் இம்புட்டு நாளும் சொல்லல்ல?”

“வாரம் பூரா டூட்டி டூட்டின்னு ஓடுதிய. நானும் ஓடுதேன். கொசுக் கிரீமுக்க பேரச் சொல்லியாவது வெள்ளிக்கிழம சாயங்காலம் எனக்கப் பக்கத்துல வந்து இருக்கியல்லா. அதச் சொல்லிக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்.”

தேவதாஸுக்கு அவமானமாக இருந்தது. ஊர் சிரித்ததைவிட இது பெரிதாக இருந்தது. எழுந்து போய் முதலுதவிப் பெட்டியிலிருந்து அரிப்புக்குப் போடும் மருந்தை எடுத்துவந்து, அவரே உட்கார்ந்து ஒவ்வொரு தடிப்பாகத் தொட்டு வைத்தார். கண்ணாடி இல்லாததால் சில இடங்களில் மச்சத்துக்கும் மருந்து போட்டார். புஷ்பமேரி திருத்தவில்லை.

சுற்றுலாவுக்கு வேண்டியதை வாங்க இருவரும் கடைக்குப் போனார்கள். “நீயே எடு” என்றார் தேவதாஸ். புஷ்பமேரி தட்டை ஒரு பார்வை பார்த்தார், ஒரு குப்பியைத் திருப்பினார். “பிக்காரிடின் இருவது சதம். மணக்காது, கண்ணாடியத் தின்னாது. முழுக்கைச் சட்டையும் போடச் சொல்லுங்க” என்று கூடையில் போட்டுவிட்டு அரிசிப் பக்கம் நடந்தார். ஹஸ்னைன் வாயைப் பிளந்து பார்த்தார். தேவதாஸ் தட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு பழக்க தோஷத்தில் ஒரு குப்பியை எடுத்து, பின்பக்கத்தைப் படிக்காமலே திரும்ப வைத்தார்.

இதோடு மனிதர் அடங்கியிருப்பார் என்று நினைக்கிறவர்களுக்கு அவரைத் தெரியாது. பத்து நாள் யோசித்ததில் அவருக்கு இன்னொரு வருத்தம் முளைத்திருந்தது. “உங்கட இரத்தம் நுளம்புக்குப் பிடிக்கேல்லைப் போல” என்று ஆனந்தராசா பிறகு போனில் சொன்னது உள்ளே தைத்துவிட்டது. அது என்ன பிடிக்காதது? எல்லாரையும் கடிக்கிற கொசுவுக்கு இவர் மட்டும் என்ன குறைச்சல்? ஒரே ஒரு கடி. கையில் ஒரு தடிப்பு எழும்பினால் போதும், முள் சிக்கவில்லை என்று ஆகிவிடும். கை நல்ல கைதான் என்று ஊருக்குக் காட்டலாம். எழும்பாவிட்டால் அவர் இத்தனை வருடம் சொன்னதெல்லாம் பித்தவெடிப்புக் களிம்புதான்.

அதனால் வாதிக்குப் போன அன்று எல்லாரும் பூசிக்கொண்டபோது தேவதாஸ் பூசிக்கொள்ளவில்லை. புஷ்பமேரியின் இரண்டு கைகளுக்கும் பிடரிக்கும் கணுக்காலுக்கும் அவரே பூசிவிட்டார். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டுப் பனியனோடு, தேங்கிய தண்ணீருக்குப் பக்கத்தில், இருப்பதிலேயே மோசமான இடத்தைத் தேடிப்பிடித்து இரண்டு நாற்காலிகளைப் போட்டார்.

“டெங்கு வந்தா நான் லீவு போடமாட்டேன்” என்றார் புஷ்பமேரி. ஆனாலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

மலை நிழல் தண்ணீரைத் தாண்டி வந்தது. அந்தப் பக்கம் கோழி சுடும் புகை, யாரோ பாட, யாரோ நிறுத்தச் சொல்லும் சத்தம். ஆனந்தராசா முழுக்கைச் சட்டையில் நிம்மதியாகப் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அபிலாஷ் கிரீமுக்கு மேலே பித்தவெடிப்புக் களிம்பையும் பூசி மின்னிக்கொண்டிருந்தார். புஷ்பமேரி பிளாஸ்க்கிலிருந்து சுலைமானியை ஊற்றி, இரண்டு கைகளாலும் தம்ளரைப் பிடித்து, ஒருமுறைகூடக் கீழே வைக்காமல் குடித்து முடித்தார். இப்படி அவர் வெளியில் உட்கார்ந்து தேநீர் குடித்ததை தேவதாஸ் பார்த்ததே இல்லை.

கொசுக்கள் வந்தன. ஆனந்தராசாவைப் பார்த்துவிட்டுத் திரும்பின. புஷ்பமேரியைச் சுற்றிவிட்டு விலகின. அன்று அந்த வாதியில் கிரீம் பூசாத உடம்பு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதையும் அவை கண்டுகொள்ளவில்லை. தேவதாஸ் நீட்டிய கையை நீட்டியபடியே இருந்தார். தோள் வலித்தது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. யல்லா, கிளம்பலாம் என்று அபிலாஷ் அங்கிருந்து கை தட்டினார்.

அப்போது ஒன்று வந்தது. மெலிந்த, கால் நீண்ட, வேறு வழியில்லாத கொசு. முழங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது, எழுந்தது, மறுபடி உட்கார்ந்தது. தேவதாஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டார். புஷ்பமேரியும் பார்த்துவிட்டார். இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் அவர் கை தானாக ஓங்கியது.

தேவதாஸ் இடது கையை அசைக்காமல், வலது கையை நீட்டி, ஓங்கிய அந்தக் கையை அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டார்.